கூட்டமாகப் போவீர்கள், பிரித்துத்தான் உட்கார வைப்பார்கள்

ஒரு நடனக் குழுவை நடத்துகிறவர் கேட்டிருந்தார். வாரத்தில் இரண்டு மாலை கூடி ஆடும் 25 பேர். பள்ளி மாணவர்கள் முதல் ஓய்வுபெற்றவர்கள் வரை எல்லா வயதும் உண்டு. ஒரு தொலைக்காட்சி நடனப் போட்டியின் நேரலைக்குப் பார்வையாளர்களாக வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து போகலாமா, எதற்கெல்லாம் தயாராக வேண்டும், இடையில் எழுந்து ஆடச் சொன்னால் ஆடலாமா?

போகலாம். எங்கள் குழுவோடு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பட்ட பாட்டை வைத்து இரண்டாம் முறை தப்பித்தோம். நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் நீங்கள் செட்டில் ஒரு பகுதி. விளக்கு, பின்திரை, தரை, அந்த வரிசையில் அடுத்தது பார்வையாளர். நல்ல இடத்தில் உட்கார்ந்து நிம்மதியாக ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வீட்டு சோபாவே மேல். திரையில் பாதம் கூடத் தெளிவாகத் தெரியும். அங்கே போவது வேறொன்றுக்காக. அது பிடிக்கும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

முதலில் டிக்கெட். இந்த மாதிரி ஸ்டுடியோ நிகழ்ச்சிகளுக்கு நுழைவு பெரும்பாலும் இலவசம். இலவசம் என்பதாலேயே பலர் பதிவு செய்துவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். காலி நாற்காலி திரையில் தெரிந்தால் அசிங்கம். அதனால் இருக்கைகளைவிட அதிகமாகவே டிக்கெட் கொடுத்து வைப்பார்கள். ஏதோ ஒரு நாள் எல்லோரும் வந்துவிட்டால், வரிசையில் கடைசியில் நிற்பவர் திரும்பிப் போக வேண்டியதுதான். கையில் டிக்கெட் இருக்கிறதே என்று நிதானமாகப் போகாதீர்கள்.

இன்னொன்று, பெரிய நிகழ்ச்சிகளில் குழுவாக இடம் கிடைப்பது அரிது. பிரபலங்கள் ஆடும் போட்டியாக பிபிசியில் 2004 முதல் ஓடும் ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கலில் எடுக்கிறார்கள், அதுவும் ஜோடி ஜோடியாக. 25 பேரும் விண்ணப்பித்தால் ஒருவருக்கு விழலாம், யாருக்கும் விழாமலும் போகலாம். ஆகவே உங்களைக் குழுவாகவே அழைத்திருக்கிறார்கள் என்றால், யாரோ தேடிப் பிடித்து அழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் என்று கேட்டுவிடுங்கள். சும்மா உற்சாகமான கூட்டம் வேண்டுமா? போட்டியாளர் ஒருவருக்கு ஆதரவாளர்கள் என்று காட்டப் போகிறார்களா? இல்லை, நடுவில் ஆட ஆள் தேடுகிறார்களா? மூன்றுக்கும் போகிற நேரம், உடை, கையெழுத்துப் போட வேண்டிய தாள் எல்லாமே வேறு. எங்களிடம் முதல் முறை இதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆடவிடுவார்கள் என்று நினைத்து ஷூ எடுத்துக்கொண்டு போனோம். பை வைக்கும் அறையிலேயே அது இரவு முழுக்கக் கிடந்தது.

அன்றைய பொழுது பெரும்பாலும் காத்திருப்பதில் போகும். நேரலை இரவு 8 மணிக்கு என்றால் வாசலுக்கு 3 மணிக்கே வரச் சொல்லக்கூடும். அடையாள அட்டை பார்ப்பார்கள், பையைச் சோதிப்பார்கள், போனை வாங்கி வைப்பார்கள் அல்லது அணைக்கச் சொல்வார்கள். அப்புறம் நிற்க வேண்டும், நகர வேண்டும், மறுபடி நிற்க வேண்டும். வயதானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பார்வையாளர் இருக்கைகள் பெரும்பாலும் இரும்புக் குழாய்களின்மேல் பலகை போட்டு எழுப்பிய படிக்கட்டு மேடைகள். கைப்பிடி இருக்கும் என்று நம்ப வேண்டாம். வாசலில் போய்ச் சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். பை உள்ளே வராது.

உள்ளே போனதும் பிரிப்பார்கள். இது உறுதி. ஆடியன்ஸ் கோஆர்டினேட்டர் ஒருவர் நின்று முகம், உயரம், உடை நிறம் பார்த்து, "நீங்க இரண்டு பேர் இங்கே, நீங்க அங்கே" என்று விரலால் காட்டிக்கொண்டே போவார். நடுவர்களுக்குப் பின்னால் இருக்கும் வரிசை திரையில் அடிக்கடி வரும் இடம். அங்கே யார் உட்கார வேண்டும் என்பது அவர் கையில். எங்களில் 9 பேர் ஒரு பக்கம், 11 பேர் எதிர்ப்பக்கம், மீதி இரண்டு பேர் கேமரா கிரேனுக்குப் பின்னால். அந்த இருவரும் இரவு முழுக்கப் பார்த்தது கிரேன் இயக்குபவரின் முதுகை. கோபப்பட்டுப் பயனில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சிறுவர்களோடு எந்தப் பெரியவர் உட்காருவார் என்பதை வீட்டிலேயே பேசி வைத்து, அந்த ஜோடியை மட்டும் பிரிக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்பார்கள். "நாங்க எல்லோரும் ஒரே குழு, சேர்ந்து உட்கார வையுங்க" என்பதைக் கேட்க மாட்டார்கள்.

உடையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெருக்கமான மெல்லிய கோடுகளும் பொடிக் கட்டங்களும் கேமராவில் நெளியும். பளீர் வெள்ளை விளக்கில் கண்ணைக் குத்தும். பிராண்ட் பெயர் போட்ட சட்டைக்கு நாடா ஒட்டச் சொல்வார்கள், அல்லது கடைசி வரிசைக்கு அனுப்புவார்கள். ஜிகினா வேண்டாம்; அது ஆடுகிறவர்களுக்கு. குழுப் பெயர் அச்சடித்த பனியனை எல்லோரும் போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். முன்கூட்டியே அனுமதி வாங்காமல் செய்யாதீர்கள்.

சரி, இப்போது கைதட்டல். ஆடத் தெரிந்தவர்களுக்கு இதில் என்ன பாடம் என்று நாங்களும் நினைத்தோம். உண்மையில் ஆடத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தவறு செய்கிறார்கள்.

ஸ்டுடியோவில் இரண்டு விதக் கைதட்டல் உண்டு. ஒன்று வரவேற்புக்கும் முடிவுக்கும் தட்டுவது. அதற்கு, தளத்தில் நின்று எல்லோருக்கும் சைகை காட்டும் ஃப்ளோர் மேனேஜர் தலைக்குமேல் கையைத் தூக்கிச் சுழற்றுவார். கையை மடக்கி இறக்கினால் நிறுத்த வேண்டும். இன்னொன்று பாட்டோடு சேர்ந்து தாளத்துக்குத் தட்டுவது. ஆபத்து இரண்டாவதில். குயிக்ஸ்டெப் என்ற வேகமான ஜோடி நடனம் போட்டியில் நிமிடத்துக்கு 50 முதல் 52 தாளச் சுற்று வேகத்தில் ஆடப்படும், சுற்றுக்கு 4 தாள அடி. அதாவது நிமிடத்துக்கு 200 அடிக்குமேல். ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 300 மில்லி விநாடிதான். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகிறது. எதிர் வரிசை 17 மீட்டர் தள்ளி இருந்தால் அவர்கள் தட்டும் ஓசை உங்கள் காதுக்கு வர 50 மில்லி விநாடி. அதைக் கேட்டு நீங்கள் தட்ட, அது அவர்களிடம் திரும்பிப் போக இன்னொரு 50. ஒரு அடியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிட்டது. யாரும் தாளம் தெரியாமல் தட்டவில்லை. அறையின் நீளம்தான் தாளத்தை இழுக்கிறது. நடுவே ஆடிக்கொண்டிருக்கும் ஜோடிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு தாளம் கேட்கும். அதுவும் நேரடி இசைக்குழு வாசிக்கும் நிகழ்ச்சி என்றால் வாசிப்பவர்களின் நிலைமை இன்னும் மோசம்.

அதனால்தான் பல இடங்களில் ஆட்டத்தின்போது தட்டவே வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். தட்டச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தட்டாதீர்கள். ஒலிபெருக்கியைக் கேட்டும் தட்டாதீர்கள். அதுவும் தூரத்தில்தான் இருக்கும். டிரம்மர் கண்ணுக்குத் தெரிந்தால் அவர் கையைப் பாருங்கள், இல்லையென்றால் ஃப்ளோர் மேனேஜரின் கையைப் பாருங்கள். ஒலிக்குத்தான் தாமதம், கண்ணுக்கு இல்லை. சுற்றுக்கு மூன்று அடி கொண்ட வியன்னீஸ் வால்ட்ஸ் நடனம் வந்தால் ஒவ்வொரு அடிக்கும் தட்ட ஆசைப்படாதீர்கள். சுற்றின் முதல் அடிக்கு மட்டும் தட்டினால் நிமிடத்துக்கு 60 தட்டு, கடிகாரம் மாதிரி. மூன்றுக்கும் தட்டினால் 180, அரை நிமிடத்தில் கலைந்துவிடும்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்றை நாங்களே செய்தோம். இரண்டாவது ஆட்டம் ஜைவ் என்ற துள்ளல் நடனம். எங்கள் 9 பேரும் உட்கார்ந்தபடியே காலால் தாளம் போட்டிருக்கிறோம். யாருக்கும் அது தெரியவே இல்லை. சாதாரணக் கூட்டம் காலால் தட்டினால் ஒருவர் முன்னே ஒருவர் பின்னே என்று விழுந்து ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். சேர்ந்து ஆடிப் பழகியவர்கள் தட்டினால் எல்லாம் ஒரே நொடியில் விழும். கீழே இருந்தது பலகை போட்ட இரும்புக் குழாய் மேடை. அதே மேடையின் ஓரத்தில்தான் ஒரு கேமராவையும் ஏற்றியிருந்தார்கள். அந்தக் கேமராவின் படம் குலுங்க ஆரம்பித்திருக்கிறது. ஃப்ளோர் மேனேஜர் குனிந்தபடியே படியேறி வந்து, வாயைத் திறக்காமல், இரண்டு உள்ளங்கையையும் எங்கள் முழங்கால்களை நோக்கி மெதுவாக அழுத்திக் காட்டினார். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. உங்கள் குழுவிடம் இதை மட்டுமாவது சொல்லிக் கூட்டிப் போங்கள்: பாதம் தரையில், அசையாமல்.

முகமும் அப்படித்தான். மதிப்பெண் சொல்லும்போது இயக்குநர் காட்சியைப் பார்வையாளர் பக்கம் மாற்றுவார். சாதாரண ஆள் சிரிப்பார் அல்லது வாய் பிளப்பார். ஆடத் தெரிந்தவர், போட்டியாளர் தவறான காலில் இறங்கியதைப் பார்த்த நொடியிலேயே பல்லைக் கடித்துவிடுவார். எங்கள் குழுவில் ஒரு அக்கா ஆட்டம் முழுக்க உதட்டால் "ஒன், டூ, த்ரீ" எண்ணிக்கொண்டே இருந்தார். ஊரே அதைப் பார்த்தது. பாவம், இன்றைக்கும் அவருக்கு அதுதான் பெயர்.

நேரலை தொடங்கும் முன் ஒரு வாம்-அப் கலைஞர் வந்து சிரிக்க வைப்பார். அப்போதே சில முகபாவங்களையும் கைதட்டலையும் பதிவு செய்து வைத்துக்கொள்வதும் உண்டு. "இப்ப அதிர்ச்சியா பாருங்க", "இப்ப எழுந்து நின்னு தட்டுங்க" என்று சொன்னால் விழிக்காதீர்கள், செய்துவிடுங்கள். பிறகு எண்ணிக்கை. ஐந்து, நான்கு, மூன்று வரை ஃப்ளோர் மேனேஜர் குரல் கேட்கும். இரண்டும் ஒன்றும் விரலில் மட்டும். அந்த இரண்டு விநாடி மௌனத்தில் 300 பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். எனக்கு மொத்த இரவிலும் பிடித்தது அதுதான்.

ஆடச் சொன்னால் ஆடலாமா என்று கேட்டீர்கள். ஆடலாம், தரையைப் பார்த்துவிட்டு. பயிற்சிக் கூடத்தின் மரத்தரைக்கு அடியில் நெகிழ்வு இருக்கும். அது முழங்காலைத் தாங்கும். ஸ்டுடியோ தரை கேமரா வண்டி குலுங்காமல் உருளுவதற்காகச் சமமாகப் போட்ட கெட்டித் தரை. அதன்மேல் வழுவழுப்பான பூச்சோ எல்இடி பலகையோ இருக்கும். குதிக்கிற அசைவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், வேக சுழற்சிக்கு முன் ஒரு முறை காலை வழுக்கிப் பாருங்கள். ஸ்வேட் என்ற மென்தோலில் அடிப்பாகம் வைத்த ஷூ அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்று போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. தரையில் நாடா ஒட்டிக் காட்டிய பாதை கேமராவுக்கானது. கேமராவை உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கும் ஸ்டெடிகேம் ஆள் பின்னால் நடந்தபடியே வருவார், உங்களைப் பார்க்க மாட்டார். கிரேன் தலைக்குமேல் வரும். ஆட்ட ஜோரில் அந்த நாடாவைத் தாண்டிவிடாதீர்கள்.

அப்புறம் கையெழுத்து. உள்ளே வரும்போதே உங்கள் உருவத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு தாளில் வாங்கிவிடுவார்கள். அது சாதாரணம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அழைத்து வந்த ஆசிரியர் போட்டால் செல்லாது. ஆனால் உங்கள் குழு அமைத்த நடனத்தையே ஆடச் சொன்னால் அதே தாள் போதாது. நடன அமைப்பு யாருடையது, மறு ஒளிபரப்பிலும் இணையத்திலும் போடுவார்களா, குழுவின் பெயர் திரையில் வருமா என்று கேளுங்கள். பணம் தராவிட்டாலும் பெயராவது வர வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் உள்ளூரில் ஆடுகிறவர்களை வைத்துத் தொலைக்காட்சி வளர்ந்த கதை பழையது. லண்டனில் 1963-இல் தொடங்கிய ரெடி ஸ்டெடி கோ என்ற பாப் இசை நிகழ்ச்சிக்கு கிளப்களில் நன்றாக ஆடும் இளைஞர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டத்தில் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் சோல் டிரெய்ன் என்ற இசை, நடன நிகழ்ச்சி 1970-இல் சிகாகோவில் உள்ளூர் நிகழ்ச்சியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் போய் நாடு முழுக்கத் தெரிய ஆரம்பித்தது. அதில் இரண்டு வரிசைக்கு நடுவே ஒவ்வொரு ஜோடியாக ஆடி வரும் காட்சிக்காகவே மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆடியவர்கள் அந்த ஊர் இளைஞர்கள், சம்பளம் கிடையாது. டான் கேம்ப்பெல் உருவாக்கிய லாக்கிங் என்ற நடன பாணி அங்கிருந்துதான் வீடு வீடாகப் போனது. ஜோடி வாட்லி என்ற பெண்ணும் ஜெஃப்ரி டேனியலும் அந்தக் கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். பிறகு ஷாலமார் இசைக்குழுவில் பாடிப் பெயர் பெற்றார்கள். பெயர் வெளியே வந்தவர்கள் கொஞ்சம் பேர். அசைவுகளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

யாரை உள்ளே விடுவது என்பதும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பட்டி டீன் ஷோ என்று இளைஞர்கள் ஆடும் நிகழ்ச்சி ஒன்று 1957 முதல் ஓடியது. கறுப்பின இளைஞர்களுக்கு என்று தனி நாள் ஒதுக்கியிருந்தார்கள். மற்ற நாள்களில் அவர்களுக்கு அனுமதி இல்லை. 1963 ஆகஸ்டில் அப்படி ஒரு தனி நாளில் வெள்ளை இளைஞர்கள் சிலர் உள்ளே நுழைந்து அவர்களோடு சேர்ந்து ஆடிவிட்டார்கள். நேரலை என்பதால் வெட்ட முடியவில்லை. ஊர் முழுக்கப் பார்த்தது. இரு தரப்பும் சேர்ந்து ஆடுவதை நிலையம் ஏற்பதாக இல்லை, 1964 தொடக்கத்தில் நிகழ்ச்சியையே மூடிவிட்டார்கள். நேரலை ஸ்டுடியோவுக்கும் ஊர் ஆட்டக்காரர்களுக்கும் இருக்கும் உறவைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த ஒரு மாலைதான் முதலில் நினைவுக்கு வரும்.

கடைசியாக, இடம் கிடைக்காமல் பின்தங்கியவர்கள். எங்களுக்கு 22 இடம்தான் கிடைத்தது. மற்றவர்கள் பயிற்சிக் கூடத்திலேயே பெரிய திரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் முறை அதைச் சரியாகவே திட்டமிட்டோம்: திரையில் என்ன நடனம் வருகிறதோ, இடைவேளையில் அதையே கூடத்தில் ஆடுவது. போன கூட்டத்தைவிட அவர்களுக்குத்தான் அன்று ஆட்டம் அதிகம்.

ஆனால் ஒரே ஒரு திரையில் பாருங்கள். நேரலை என்றாலும் எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் வராது. செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போய் இறங்கவே கால் விநாடி. அதன்மேல் கெட்ட வார்த்தை ஏதும் வந்தால் அழிப்பதற்காகச் சேனல் வேண்டுமென்றே சில விநாடி தாமதம் வைத்திருக்கலாம். இணைய ஒளிபரப்பு இன்னும் அரை நிமிடம் கூடப் பின்தங்கும். கூடத்தில் பெரிய திரை இணையத்தில் ஓட, மூலையில் ஒருவர் கேபிளில் பார்த்தால், யார் வெளியேறுகிறார் என்று அவர் கத்திவிடுவார். எங்கள் கூடத்தில் நடந்ததே அதுதான்.

ரகசியமும் இதில் சேரும். சில நிகழ்ச்சிகளில் முடிவுப் பகுதியை அதே இரவில் பதிவு செய்து மறுநாள் ஒளிபரப்புவார்கள். ஸ்ட்ரிக்ட்லியின் ஞாயிறு முடிவு சனி இரவே பதிவாகிவிடுகிறது. உள்ளே இருந்தவர்களுக்கு முடிவு தெரியும், வெளியே சொல்லக் கூடாது. 25 பேர் உள்ள வாட்ஸப் குழுவில் இது எத்தனை நிமிடம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் இரண்டாம் முறை போனபோது, குழுவில் யாரும் எழுத முடியாதபடி அட்மின் அன்று மதியமே பூட்டிவிட்டார். மறுநாள் ஒளிபரப்பு முடிந்த பிறகுதான் திறந்தார். முதலில் வந்த செய்தி, கிரேனுக்குப் பின்னால் உட்கார்ந்த இருவரில் ஒருவருடையது: "யார் ஜெயிச்சாங்க?"